தரங்கம்பாடியின் பழைய பெயர் பற்றி உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில் இருக்கும் தரங்கம்பாடி என்ற சிற்றூரின் பெயர் கொஞ்ச நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. 'அலைகள் பாடும் ஊர்' என்று எல்லாரும் அழகாகச் சொல்கிறார்கள். தரங்கம் என்றால் அலை, சரி. ஆனால் ஊர்ப்பெயரில் வரும் 'பாடி' பாட்டு இல்லை, குடியிருப்பு. வாணியம்பாடி, ஆயர்பாடி எல்லாம் அப்படித்தானே?

அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிலில் இருக்கும் குலசேகர பாண்டியன் காலத்துக் (14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) கல்வெட்டு இந்த ஊரைச் 'சடங்கன்பாடி' என்கிறது. 1620-இல் வந்து கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் 'டிராங்கேபார்' என்றார்கள். தரங்கம்பாடி அவர்கள் வாயில் திரிந்த வடிவம்தான் அது. அப்படியானால் சடங்கன் தரங்கம் ஆனது இடைப்பட்ட 300 ஆண்டுகளில்தான். இரண்டும் ஒலியில் நெருங்கியிருப்பதால், மருவிய பெயருக்குப் பிறகு யாரோ அலையைப் பொருளாக ஏற்றிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாயக்கர் காலச் செப்பேடு, ஓலை, பழைய பத்திரம் எதிலாவது இந்த ஊர்ப்பெயரைப் பார்த்தவர்கள் இருந்தால், அதில் எப்படி எழுதியிருந்தது என்று சொல்லுங்கள். அப்புறம், அந்தச் சடங்கன் யார்? கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் உதவினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.