‘டிப்ளாய்’ என்பதற்குப் ‘பாய்ச்சு’: கடைமடை வரை யோசித்து ஒரு முன்மொழிவு

குழும நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘டிப்ளாய்’ (deploy) என்பதற்குத் தமிழில் என்ன போடுவது என்று கோபி அண்ணன் கேட்டதில் தொடங்கிய இழை இது. வந்த மடல்களை எல்லாம் நிதானமாகப் படித்தேன். என் முன்மொழிவு ‘பாய்ச்சு’. இந்த ஒரு சொல் சரியாக அமைந்துவிட்டால், அதன் பின்னாலேயே இன்னும் ஐந்தாறு சொற்கள் தாமாக வந்து நிற்கும் என்று நம்புகிறேன். மடல் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். திருப்பூரில் நடுத்தரமான ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 40 கணினி, எல்லாவற்றையும் இணைக்கும் ஒரே உள் வலையமைப்பு, அதாவது லேன். பார்கோடு அச்சடிக்கும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு சீட்டாகப் போய் உட்கார்ந்து ஏற்றினால் அது நிறுவல். சர்வர் அறையில் இருந்தபடியே 40 கணினிக்கும் அந்தப் பதிப்பைக் கொண்டுசேர்த்து, அந்தந்தப் பகுதிக்கு உரிய பிரிண்டர் அமைப்பை எழுதி, சேவையை மறுபடி தொடக்கி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்தால் அது டிப்ளாய். நிறுவல் அதற்குள் ஒரு படி மட்டுமே. கரூர் நண்பர் ‘நிறுவலே போதும்’ என்று எழுதியிருந்தார். ஒரே திரையில் ‘இன்ஸ்டால்’, ‘டிப்ளாய்’ என்று இரண்டு பொத்தான் இருக்கும்போது என்ன செய்வோம்? இரண்டிலும் ‘நிறுவு’ என்று எழுத முடியாதுங்க.

‘வரிசைப்படுத்தல்’ என்பது இயந்திர மொழிபெயர்ப்பு கொண்டுவந்து போட்ட சொல். அதைப் பார்த்து இப்போது ஆட்களும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ‘40 கணினியில் மென்பொருளை வரிசைப்படுத்தினேன்’ என்று சொன்னால், அகர வரிசையில் அடுக்கினேன் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். ‘சார்ட்’ கட்டளைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே உரியது. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். ‘பணியமர்த்தல்’ ஆளை வேலைக்கு எடுப்பது. ‘பரவலாக்கம்’ அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது. ‘விநியோகம்’ லினக்ஸ் வகைகளுக்குப் போய்விட்டது.

சேலத்து அக்கா சொன்ன ‘களமிறக்கு’ நல்ல சொல். படையை நிறுத்துவது என்ற மூலப் பொருளுக்கும் நெருக்கம், செய்தித்தாளில் நாள்தோறும் புழங்குகிறது. ஒரு இணையதளத்தை மக்கள் பார்வைக்கு விடுவதற்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் லேனில் நடப்பது வேறு மாதிரி. ஒரு இடத்தில் இருப்பது பல இடத்துக்குப் போக வேண்டும், கடைசி இடம் வரை போக வேண்டும், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவும் வேண்டும். ‘களமிறக்கு’ என்ற சொல்லுக்குள் இந்தக் கடைசி இடம் இல்லை.

‘பாய்ச்சு’ என்பதில் அது இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சுகிறவர் மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. கடைசிப் பாத்தி நனைந்த பிறகுதான் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைக்கிறார். இந்தச் சொல்லை நாம் முதன்முதலாக வயலை விட்டு வெளியே இழுத்து வரவும் இல்லை. மின்சாரம் வந்தபோதே தமிழ் இதைச் செய்துவிட்டது. கம்பியில் மின்சாரம் ‘பாய்கிறது’ என்று படிக்காதவரும் சொல்கிறார். கம்பியில் மின்சாரம் பாயலாம் என்றால் கேபிளில் மென்பொருளும் பாயலாம்.

இலக்கணமும் ஒத்துழைக்கிறது. பாய்ச்சு என்பது நாம் செய்வது, பாய் என்பது அதுவாக நடப்பது. ‘பதிப்பைப் பாய்ச்சினேன், 38 கணினிக்குப் பாய்ந்தது, இரண்டுக்குப் பாயவில்லை.’ நிலை அறிக்கை எழுதுகிறவருக்கு இந்த இரட்டை வடிவம் பெரிய வசதி. வேறு எந்தப் பரிந்துரையிலும் இது இவ்வளவு சுளுவாக வரவில்லை.

அடுத்து ‘முறை’. கீழ்பவானி வாய்க்காலை நம் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகிற கால்வாய் அது. எல்லா நிலத்துக்கும் ஒரே சமயத்தில் திறப்பதில்லை. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு போகத்தில் பாதி நிலத்துக்கும் அடுத்ததில் மீதிக்கும் விடுகிறார்கள். நல்ல லேன் பராமரிப்பாளரும் இதைத்தான் செய்கிறார். பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து பராமரிக்க உதவும் ஆன்சிபிள் என்ற கருவியில் ‘சீரியல்’ என்று ஒரு அமைப்பு உண்டு. ஐந்து என்று கொடுத்தால், முதல் ஐந்து கணினிக்கு எல்லாப் படியும் முடிந்த பிறகுதான் அடுத்த ஐந்துக்குப் போகும். புதுப் பதிப்பில் கோளாறு இருந்தால் ஐந்தோடு நிற்கும், மீதி 35 கணினியில் வேலை நடந்துகொண்டிருக்கும். இதற்கு ‘முறை வைத்துப் பாய்ச்சு’ என்று எழுதலாம். முதல் முறை, இரண்டாம் முறை என்று எண்ணவும் வருகிறது. ‘கட்டம் கட்டமாக’ என்பதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் முறை என்ற சொல்லில் ‘உனக்கும் உண்டு, காத்திரு’ என்ற பொருளும் சேர்ந்து வருகிறது.

தண்ணீருக்கும் மென்பொருளுக்கும் ஒரு வேறுபாட்டைச் சென்னை நண்பர் சரியாகவே சுட்டினார்: தண்ணீர் ஒரு வயலுக்குப் போனால் இன்னொரு வயலுக்குக் குறையும், மென்பொருள் நகல்தானே என்று. நகல்தான். ஆனால் வாய்க்கால் அளவானது. 300 மெகாபைட் புதுப்பிப்பை 40 கணினியும் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கினால் 12 ஜிகாபைட். அந்த நேரத்தில் ஆபீஸில் யாருக்கும் ஒரு மெயில்கூடப் போகாது. அதனால்தான் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்கள் உள்ளேயே ஒரு கணினியில், இறக்கியதைச் சேமித்து வைக்கும் ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ போட்டு வைக்கிறார்கள். முதல் கணினி கேட்கும்போது ஒரு தடவை வெளியிலிருந்து வரும், மற்ற 39 கணினிக்கும் லேனுக்குள்ளேயே கிடைக்கும். இதைத் ‘தொட்டி’ என்று சொல்லலாமா என்று எனக்கு ஆசை உண்டு. அது தனி இழைக்கு உரியது.

இனி ‘புஷ்’, ‘புல்’ இரண்டும். ‘தள்ளு, இழு’ என்று கதவில் எழுதுவது போலத்தான் இதுவரை மொழிபெயர்த்து வந்தோம். சர்வர் தானாகப் போய்க் கொடுப்பது ஒரு வகை. ஒவ்வொரு கணினியும் தன் நேரத்துக்கு வந்து கேட்டு வாங்கிப்போவது இன்னொரு வகை. 2012இல் வந்த ஆன்சிபிள் இயல்பாக முதல் வகை. கணினியில் முகவர் நிரல் எதுவும் தனியாகப் போட வேண்டாம், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழி நுழைய முடிந்து, அங்கே பைத்தான் நிரல்மொழியும் இருந்தால் போதும். அதே வேலைக்கு 2005இல் வந்த பப்பெட் என்ற கருவி இரண்டாம் வகை. ஒவ்வொரு கணினியிலும் முகவர் நிரல் இருக்கும், வேறு எதுவும் சொல்லாவிட்டால் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை சர்வரிடம் போய் ‘எனக்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்கும். இரண்டுக்கும் மூத்தது 1993இல் நார்வேயில் மார்க் பர்ஜெஸ் தொடங்கிய சிஎஃப்எஞ்சின்.

நம் ஊரில் இந்த இரண்டுக்கும் சொல் இருக்கிறது. வாய்க்காலில் வருவது பாய்வது. கிணற்றிலிருந்து எடுப்பது இறைப்பது. மாடு கட்டிக் கவலை ஓட்டிய காலத்திலும் ‘இறைப்பு’, மோட்டார் வந்த பிறகும் ‘இறைப்பு’. ஆகவே புஷ் ‘பாய்ச்சு’, புல் ‘இறை’. விண்டோஸ் புதுப்பிப்புக்காக நம் லேனுக்குள் வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் சர்வர் மென்பொருளை (WSUS) நம்மில் பலர் ‘அது தள்ளிவிடும்’ என்று பேசுகிறோம். உண்மையில் கணினிதான் போய்க் கேட்கிறது, இயல்பாக 22 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ‘அது இறைப்பு வகை’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சர்வரில் ஒப்புதல் கொடுத்த உடனே ஏன் கணினியில் ஒன்றும் நடக்கவில்லை என்று புதிதாக வந்த பையன் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டான்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ‘கடைமடை’, அதாவது வாய்க்காலின் கடைசி மடை. பாய்ச்சி முடித்ததும் ஆன்சிபிள் ஒரு சுருக்கம் காட்டும். ஒவ்வொரு கணினியின் பெயருக்கு நேராகவும் சில எண்கள்: எத்தனை படி சரியாக இருந்தது, எத்தனை மாறியது, எட்ட முடியாமல் போனதா, தோற்றதா. கடைசி இரண்டும் வேறு வேறு. ‘எட்டவில்லை’ என்றால் கணினி வரைக்குமே போக முடியவில்லை: அணைந்திருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், எஸ்.எஸ்.எச். நுழைவுச் சாவி ஒத்துப்போகாமல் இருக்கலாம். ‘தோற்றது’ என்றால் போய்ச் சேர்ந்தோம், அங்கே வேலை நடக்கவில்லை: வட்டில் இடமில்லை, அனுமதி இல்லை. முதலாவதுக்கு நடந்து போக வேண்டும், இரண்டாவதை உட்கார்ந்த இடத்திலேயே சரிசெய்யலாம். இரண்டையும் ‘பிழை’ என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிற தமிழ் இடைமுகங்களைப் பார்த்திருக்கிறேன். அது பராமரிப்பாளரை வீணாக நடக்க வைக்கிற மொழிபெயர்ப்பு. ‘எட்டவில்லை’ என்பதைத் தனியாகக் காப்பாற்றுங்க.

எட்டாத கணினிகள் பெரும்பாலும் அதே நாலைந்துதான் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நான் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் செக்கிங் ஷெட்டின் கோடியில் இருந்த கணினி ஒவ்வொரு பாய்ச்சலிலும் பாதியில் விழுந்தது. மென்பொருளைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். கேபிளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், சுவரோடு சுற்றிச் சுற்றி வந்து 100 மீட்டரைத் தாண்டியிருந்தது. செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு இரண்டு முனையிலும் உள்ள சிறு கேபிள்கள் உட்பட 100 மீட்டர்தான் வரம்பு. நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வைத்த பிறகு சரியானது. அந்தக் கணினியைக் ‘கடைமடைக் கணினி’ என்று சொன்னபோது அங்கிருந்த எலக்ட்ரீஷியனுக்கு நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அணைந்து கிடக்கும் கணினிகளை லேன் வழியாகவே எழுப்ப ‘வேக்-ஆன்-லேன்’ இருக்கிறது. எழுப்புவதற்காக அனுப்பும் தரவுப் பொதி (பேக்கெட்) மிகச் சிறியது, மொத்தம் 102 பைட். முதல் ஆறு பைட்டில் எல்லாப் பிட்டும் 1 என்று இருக்கும், அதற்குப் பிறகு அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் முகவரி 16 தடவை. கணினி அணைந்திருந்தாலும் நெட்வொர்க் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் இதைக் கேட்டு எழுப்பிவிடும். போகும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் உள்ள இடத்தில் பயன்படாது, அதைத்தான் முதலில் பேசித் தீர்க்க வேண்டும். இதற்கு ‘எழுப்பு பொதி’ போதும். ஆங்கிலத்தில் ‘மேஜிக் பேக்கெட்’ என்பதற்காக ‘மாயப் பொதி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம்.

மறுப்புகளுக்கு வருகிறேன். இது கொங்குச் சொல்லாகச் சுருங்கிவிடாதா என்று சிங்கப்பூர் நண்பர் கேட்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கமும் கடைமடை கடைமடைதான். மேட்டூர் திறக்கும்போதெல்லாம் ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை’ என்று செய்தி வருகிறதே. வயலைப் பார்க்காத நகரத்துப் பிள்ளைகளும் அந்த வரியைப் படித்துத்தான் வளர்கிறார்கள். ‘பாய்ச்சல்’ என்றால் புலிப் பாய்ச்சல் நினைவுக்கு வருகிறது என்பது நியாயமான மறுப்பு. நானே மேலே ஓரிடத்தில் பேச்சு வழக்கில் ‘ஒவ்வொரு பாய்ச்சலிலும்’ என்று எழுதியிருக்கிறேன். ஆவணங்களில் மட்டும் பெயர்ச்சொல்லாகப் ‘பாய்ச்சுகை’ என்று வைக்கலாம். நுகர்வு, நுகர்கை போலக் காதுக்குப் பழக்கமான வடிவம்தான். பொத்தானில் ‘பாய்ச்சு’ என்ற ஏவல் வடிவம் வருவதால் அங்கே குழப்பத்துக்கே இடமில்லை.

‘ரோல்பேக்’ என்பதற்கு நீர்ப் பாசனத்தில் சொல் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். பாய்ந்த தண்ணீர் திரும்பாது. ‘முந்தைய பதிப்புக்குத் திருப்பு’ என்று நேராகவே எழுதிவிடலாம்.

ஆக, வாக்கெடுப்புக்கு வைக்க வேண்டியவை: பாய்ச்சு, இறை, முறை, கடைமடைக் கணினி, எட்டவில்லை, எழுப்பு பொதி. ‘பாய்ச்சுகை’ என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, பவானி அய்யா போன்ற இலக்கணம் தெரிந்தவர்கள் ‘பாய்ச்சம்’ சரி என்றால் அதையும் ஏற்கிறேன். திரையில் வரும் இடைமுக வரிகளில் இவற்றைப் போட்டுப் பார்த்து, எந்த வரி இடிக்கிறது என்று யாராவது இரண்டு பேர் எழுதினால் உதவியாக இருக்கும். முக்கியமாக, இறைப்பு வகையில் ‘எட்டவில்லை’ என்பதை எப்படி எழுதுவது? அங்கே கணினிதான் சர்வரை எட்ட வேண்டும், நாம் அதை எட்டுவதில்லை. அந்த இடம் எனக்கு இன்னும் தெளியவில்லைங்க.

பெருந்துறையிலிருந்து,
அன்புடன்