மறு: கபூஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

மாதிரி ரயில் குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கபூஸ் என்ற ரயில் வண்டிக்குத் தமிழ்ச்சொல் தேடிப் பட்டர்வொர்த் ஊர் அண்ணன் தொடங்கிய இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அலமாரியில் 23 கபூஸ் மாதிரிகளை அடுக்கி வைத்திருப்பவன் இதற்கு மேலும் வாய்மூடி இருப்பது சரியல்ல. அவற்றுக்கு நானே எழுதி ஒட்டிய சீட்டுகளில் கபூஸ், கேபூஸ், காபூஸ் என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய அக்கா மகன் அதைப் படித்துவிட்டு, "மாமா, இது குபூஸ் ரொட்டி வைக்கிற வண்டியா?" என்று கேட்டான். தமிழ்ச்சொல் வேண்டும் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

குழுவில் பலர் இந்த வண்டியைப் பார்த்ததில்லை என்பது மடல்களிலேயே தெரிகிறது. ஆகவே முதலில் பொருள், பிறகு சொல்.

வட அமெரிக்காவில் சரக்கு ரயிலின் கடைசியில் கோத்துச் செல்லப்பட்ட சிறிய வண்டி இது. நடத்துநரும் பிரேக் பணியாளரும் அதில் பயணம் செய்தார்கள். உள்ளே ஒரு மேசை, கணப்படுப்பு, படுக்கைப் பலகை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. சரக்குச் சீட்டுகளை எழுதுவது, ரயில் நடுவழியில் நின்றால் கொடியோடு பின்னால் நடந்து போய் அடுத்த ரயிலை எச்சரிப்பது, முன்னால் போகும் சக்கர அச்சுகளில் எதுவும் சூடேறிப் புகைகிறதா என்று கண்காணிப்பது ஆகியவைதான் அவர்களுடைய வேலை. கபூஸ் என்ற பெயரே டச்சுக் கப்பல்களின் சமையற்கூடத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். என் முதல் கபூஸ் 1:87 அளவில் செய்தது, சிவப்பு நிறம். அசல் வண்டி 36 அடி என்றால் மாதிரி ஏறக்குறைய 12.6 செ.மீ. வரும். பேனாவைவிடச் சற்றுக் குட்டை.

இனி அண்ணன் முன்வைத்த 'தடைவண்டி'. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது நம் ஊர் வண்டிக்கு நன்றாகப் பொருந்தும், கபூஸுக்குப் பொருந்தாது. பிரிட்டிஷ் முறையில் ஓடிய பழைய சரக்கு ரயில்களில் எஞ்சினிலிருந்தே எல்லாப் பெட்டிகளையும் பிடிக்கும் தொடர் பிரேக் கிடையாது. இறக்கத்தில் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டாமல், இணைப்புச் சங்கிலி தொய்யாமல் இழுத்துப் பிடிக்க வாலில் ஒரு கனமான வண்டி தேவைப்பட்டது. அதில் கார்டு உட்கார்ந்து கைப்பிரேக்கைத் திருகினார். அந்த வண்டியின் வேலையே தடுப்பதுதான். அமெரிக்காவிலோ 1893ஆம் ஆண்டுச் சட்டத்தால் காற்றுப் பிரேக் கட்டாயமாகிவிட்டது. அங்கே கபூஸிலும் பிரேக் இருந்தது, ஆனால் ரயிலை நிறுத்தும் சுமை அதன் தலையில் இல்லை. அது அலுவலகம், காவல் மேடை, வீடு மூன்றும் சேர்ந்தது.

செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா நம் ஊர் வண்டியைக் 'கார்டு வேன்' என்றுதான் கடைசிவரை சொன்னார். அதை அப்படியே விட்டுவிடலாம், அல்லது அண்ணனின் தடைவண்டியை அதற்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு பொருளுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், நாளைக்கு ஒருவர் மலாயாவின் மீட்டர் பாதைக்கு மாதிரி செய்யப் புறப்பட்டு, அதன் வாலில் சிவப்பு அமெரிக்கப் பெட்டியை மாட்டிவிடுவார்.

கிள்ளான் தங்கை சொன்ன 'கடைப்பெட்டி' எளிமையானது, எனக்கும் பிடித்தது. மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். கல்லாப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்! 'காவலர் பெட்டி'யை விளக்கவே வேண்டாம். போலீஸ்காரர்தான் நினைவுக்கு வருவார்.

பினாங்குத் தமிழாசிரியர் ஐயா கொடுத்த 'கூழை'யிடம்தான் நான் நெடுநேரம் நின்றேன். படையின் பின்பகுதிக்குக் கூழை என்று பெயர். படை உடைந்து பின்வாங்கும்போது ஒருவன் எருமைபோல் அசையாமல் நின்று அந்தப் பின்பகுதியைத் தாங்குவதைத் தொல்காப்பியம் போரைப் பாடும் தும்பைத் திணையில் ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. நடுவழியில் நின்ற ரயிலுக்குப் பின்னால் இருட்டில் விளக்கோடு போய் நிற்கும் பணியாளனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் தர முடியாது. ஆனாலும் ஐயா, இன்று கூழை என்றால் மக்கள் காதில் விழுவது கூழைக்கும்பிடு. இன்னொன்றும் இருக்கிறது. யாப்பில் கூழை மோனை என்பது நான்கு சீர் அடியின் முதல் மூன்று சீர்களிலும் மோனை வந்து கடைசிச் சீரில் மட்டும் வராமல் நிற்பது. அதாவது வால் இல்லாதது! ஆகவே கபூஸ் கழன்றுபோன ரயிலைத்தான் 'கூழை ரயில்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லும் நமக்குத் தேவை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என் பரிந்துரை: வால்குடில்.

வாலில் இருக்கும் குடில். அடுப்பும் படுக்கையும் குடிலில் வந்துவிட்டன, இடம் வாலில் வந்துவிட்டது. கலைச்சொல் என்பது தனியாக நின்று அழகு காட்டினால் போதாது, குட்டி போட வேண்டும். சேகரிப்பவனுக்கு வகைப் பெயர்கள்தான் உயிர். கூரைமேல் எழும்பிய கண்ணாடிக் கூண்டு ஒரு வகை. 1863இல் ஒரு நடத்துநர் கூரையில் ஓட்டை விழுந்த சரக்குப் பெட்டியில் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனதிலிருந்து அது பிறந்தது என்று கதை சொல்வார்கள். தினைப்புனத்தில் கிளி விரட்ட ஏறி உட்காரும் இடத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறதே: பரண். வீட்டுப் பரணும் ஏறிப் போகும் இடம்தான். ஆகவே 'பரண் வால்குடில்'.

பின்னாளில் சரக்குப் பெட்டிகள் உயரமாகிவிட்டதால் பரணில் உட்கார்ந்தாலும் முன்னால் இருக்கும் பெட்டியின் முதுகுதான் தெரிந்தது. அதனால் இரு பக்கமும் சன்னலைப் புடைக்க வைத்தார்கள். அது 'புடைச்சாளர வால்குடில்'. வேறு சில ரயில்வேக்கள் பரணையே வண்டியின் அகலத்தைத் தாண்டி இருபுறமும் நீட்டின, அது 'அகல்பரண்'. என்னிடம் இருக்கும் 23இல் 14 பரண், 6 புடைச்சாளரம், 3 அகல்பரண். இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுத எனக்கு எத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது பாருங்கள்.

1980களில் கபூஸ்கள் ஓய்ந்தன. சூடேறும் அச்சைப் பாதையோரக் கருவியே கண்டுபிடித்தது. கடைசிப் பெட்டியின் இணைப்பில் ஒரு பெட்டகத்தை மாட்டினார்கள். அது பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை எஞ்சினுக்கு ரேடியோவில் சொல்கிறது, சிவப்பாக மின்னுகிறது. அமெரிக்கர்கள் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபிரெட் என்று ஆள் பெயர்போல அழைக்கிறார்கள். ஆளை எடுத்துவிட்டு ஆள் பெயரை வைத்திருக்கிறார்கள். நாம் அதை 'வால்மின்னி' என்று சொல்லலாம். வால்விளக்கு ஏற்கெனவே இருக்கிறது. வால்விளக்கு, வால்குடில், வால்மின்னி என்று ஒரே குடும்பமாகிவிடுகிறது. வால்குடிலும் இல்லாமல் வால்மின்னியும் இல்லாமல் மேசைமேல் ஓடுவதுதான் கூழை ரயில். 1950களைக் காட்டும் பாதையில் வால்மின்னியை மாட்டுவதும் பிழைதான், அதற்குத் தனிச்சொல் வேண்டாம்.

வேலை போன பிறகு பெயர் எதற்கு என்று யாராவது கேட்டால், ஐயாவின் ஜார்ஜ்டவுனைக் காட்டுவேன். பெருநிலத்து ரயில் பாதை எட்டாத தீவில், கடற்கரையோரம், மணிக்கூண்டோடு ரயில் நிலையம் கட்டி, டிக்கெட் விற்று, பயணிகளைப் படகில் அக்கரைக்கு அனுப்பிய ஊர் அல்லவா?

அன்புடன்,
கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸிலிருந்து

———

தம்பிக்கு,

ரயில் நிலையத்தை இழுத்தது குறும்பு. இருந்தாலும் பரணுக்கு முழு மனத்தோடு ஒப்புதல். கூழை ரயிலுக்கும் ஒப்புதல், அது என் சொல்லையே திருப்பி என்மேல் எறிவதாக இருந்தாலும். ஆனால் லகர ஈற்றின் முன் ககரம் வந்தால் 'வாற்குடில்' என்று திரிய வேண்டும். இலக்கணம் படித்தவன் கையால் வால்குடில் என்று எழுத வராது.

ஜார்ஜ்டவுனிலிருந்து

———

ஐயாவுக்கு,

விதி சரி. ஆனால் தைப்பூசத்துக்குச் செந்தூல் வழியாகப் பத்துமலை போகும் ரயிலில் ஏறி நின்று கேளுங்கள். அத்தனை பேர் தலையிலும் இருப்பது பால்குடம்தான், ஒருவரும் பாற்குடம் சுமப்பதில்லை. குடம் போன வழியில் குடிலும் போகட்டும்.

கோலாலம்பூரிலிருந்து

———

தம்பி, பால்குடம் எடுப்பவர்கள் சொல்லட்டும். நான் சீட்டு எழுதினால் வாற்குடில்தான்.

ஜார்ஜ்டவுனிலிருந்து