உதவி: நிரலாக்கச் சீட்டாட்டம் முடியாமல் இழுக்கிறது, அடுத்த வாரம் அச்சு

கயல்_கணினி: அனைவருக்கும் வணக்கம். நிரலாக்கத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கும் சீட்டாட்டம் ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். அடுத்த வாரம் சிவகாசியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் மடக்குச் சீட்டு, அதாவது கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் சீட்டு, விழுந்தாலே பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் வருகிறது. ஒரு மணி நேரம் கழிந்தும் ஆட்டம் முடிவதில்லை. எதை மாற்றலாம்? விற்பதற்கும் வழி சொல்லுங்கள். அவசரம்.

மாறிலி: எத்தனை வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர் ஆடுகிறார்கள், மடக்குச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

தாள்_மை: எழுத்து சிறிதாக இருப்பதுதான் காரணம் என்பது என் கருத்து. 63×88 மில்லிமீட்டர் சீட்டில் முழு விதியையும் அடைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்போதே பெரிய எண்ணிக்கைக்கான ஆப்செட் அச்சுக்குப் போகாமல், டிஜிட்டல் அச்சில் பத்துக் கட்டுகள் மட்டும் எடுத்து ஆடிப் பாருங்கள்.

மூத்த_நிரலர்: இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் விதிகளை முழுமையாக எழுதிக்காட்டுவது அடிப்படை ஒழுங்கு. அதைச் செய்யாதவர் ஆட்டம் வடிவமைக்க இன்னும் தயாராகவில்லை.

கயல்_கணினி: மன்னிக்கவும், ஐயா. 10 முதல் 12 வயது, நான்கு பேர், மொத்தம் 54 சீட்டுகள். வைத்த சீட்டுகளின் கட்டளைப்படி 6×6 கட்டத்தில் காயை நகர்த்த வேண்டும். எட்டு மடக்குச் சீட்டுகளில் ஆறு 2, 3 அல்லது 4 முறை செய்யச் சொல்கின்றன. மற்ற இரண்டும் ‘சுவரைத் தொடும் வரை செய்’ என்பவை. ஒரு மடக்குக்குள் இன்னொன்றை வைக்கலாம். இது எத்தனையாவது சுற்று என்பதில்தான் சண்டை வருகிறது.

மாறிலி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு முறை மடக்குக்குள் நான்கு முறை மடக்கு வைத்து, அதற்குள் மூன்று கட்டளைகள் இருந்தால் 48 நகர்வுகள் ஆகின்றன. அதை மனத்தில் எண்ணிக்கொண்டிருக்கப் பத்து வயதுக் குழந்தையால் முடியாது. ‘சுவரைத் தொடும் வரை’ சீட்டோ இன்னும் சிக்கலானது. அதற்குக் கீழே ‘முன்னே ஒரு கட்டம், வலப்பக்கம் திரும்பு’ என்று வைத்தால், காய் நான்கு சுற்றில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். வழியில் சுவர் இல்லையென்றால் அது முடிவிலா மடக்கு. உங்கள் ஆட்டம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது! ஒவ்வொரு மடக்குச் சீட்டின் மேலும் அதன் எண்ணிக்கைக்குரிய புளியங்கொட்டைகளை வைத்து, சுற்றுக்கு ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழி ஆடிய கைக்கு இது புதிதல்ல. மாறியின், அதாவது நிரலில் மாறிக்கொண்டிருக்கும் எண்ணின், மதிப்பு குறைவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். உள்மடக்கு மறுபடி தொடங்கும்போது அதற்குக் கொட்டைகளை மீண்டும் நிரப்ப வேண்டும் என்பதே மிகப் பெரிய பாடம்.

நூலகத்தேனீ: சீட்டு வைப்பவரே காயையும் நகர்த்துவது இன்னொரு குறை. 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் இணையதளத்தில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 6 லட்சம் டாலருக்கு மேல் தந்து ஆதரித்த ரோபோட் டர்ட்டில்ஸ் ஆட்டத்தில், குழந்தை சீட்டு வைக்கும், பெரியவர் ஆமையை நகர்த்துவார். நான்காம் ஆட்டக்காரரை, சீட்டுப்படி காயை நகர்த்தும் ‘கணினி’ ஆக்குங்கள். அம்மாவோ அப்பாவோ உடன் உட்கார்ந்து ஆடலாம் என்பதையே விற்பனையிலும் முன்வையுங்கள்.

மூத்த_நிரலர்: விற்பனை பற்றிப் பேசுவோர் சட்டத்தை மறந்துவிட்டீர்கள். 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கான பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

தாள்_மை: பெட்டியில் ‘14 வயதுக்கு மேல்’ என்று அச்சிட்டால் போதுமே.

மாறிலி: பத்து வயதுப் பிள்ளைக்கென்றே செய்த பொருளில் அப்படி அச்சிடுவது பொய். வாங்கும் பெற்றோர் அந்த வயதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

தாள்_மை: சிறு தயாரிப்பாளர் முத்திரைக்கான சோதனைச் செலவை எப்படித் தாங்குவார்? கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கும் இந்த ஆட்டம் பொருந்துமே.

மாறிலி: அவர்களுக்காகவே வடிவமைத்தால் பொருந்தும். அப்போது சீட்டுகளும் மாற வேண்டும்.

மூத்த_நிரலர்: பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை முழுமையாகப் படித்துவிட்டு வாருங்கள், இருவரும்.

கயல்_கணினி: புளியங்கொட்டை வைத்து நேற்று ஆடினோம், 25 நிமிடத்தில் முடிந்தது. ‘சுவரைத் தொடும் வரை’ சீட்டுகள் இரண்டையும் எடுத்துவிட்டேன். அச்சைத் தள்ளிவைத்திருக்கிறேன். நன்றி.

நூலகத்தேனீ: கணினியாக ஒருவரை உட்கார வைத்தீர்களா?