இந்தக் கிரிஸ் கத்தியில் இருப்பது எந்தப் பாமோர் (அலகில் தெரியும் உலோக வடிவம்)?

வணக்கம். போன மாதம் ஜாவாவின் சோலோ நகரில், திரிவிந்து சந்தையில் ஒரு பழைய கிரிஸ் வாங்கினேன். அலகில் ஒன்பது வளைவு. விற்றவர் இதன் பாமோர் 'உடான் மாஸ்', அதாவது பொன்மழை, என்று அடித்துச் சொல்லி அதற்கேற்ற விலையும் கறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. பொன்மழை என்றால் வட்டத்துக்குள் வட்டமாக அலகு முழுக்க வர வேண்டுமே? இதில் அடிப்பக்கம் மட்டும் நாலைந்து வட்டம். மேலே போகப் போக, சிந்திய அரிசி போல ஒழுங்கில்லாத வெள்ளித் திட்டுகள். அது 'பெராஸ் வுத்தா', அதாவது சிந்திய அரிசி, என்ற வேறு பாமோர் அல்லவா? ஒரே அலகில் இரண்டையும் சேர்த்து அடித்திருப்பார்களா, இல்லை வட்டங்களைப் பிற்பாடு யாரோ குத்தியிருக்கிறார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது? எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் பூசினால் வடிவம் பளிச்சென்று தெரியும்தான், ஆனால் பாஷாணத்தைத் தொட எனக்குத் தைரியமில்லை. இரண்டு பக்கமும் எடுத்த படங்கள் கீழே.