பேரிட்டி: 'சமநிலை' வேண்டாம், வேறு சொல்?

வணக்கம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஆலையின் உலர்த்திப் பேனலுக்கு 4.3 அங்குல டச் திரை. அதன் கம்யூனிகேஷன் செட்டிங் பக்கத்தை முழுக்கத் தமிழில் போடுகிறோம். திரையும் மூன்று டெம்பரேச்சர் கண்ட்ரோலரும் ஒரே ஆர்.எஸ்.485 லைனில் (ஏ, பி என்ற இரண்டு வயரில் பல கருவிகள் பேசும் இணைப்பு), பேசும் முறை மோட்பஸ் ஆர்.டி.யூ.

பாட் ரேட்டுக்கு 'வேகம்' போதும். இந்த லைனில் 9600 பாட் என்றால் நொடிக்கு 9600 பிட்தான். ஒவ்வொரு பைட்டும் முடிந்ததைக் காட்டும் ஸ்டாப் பிட்டுக்கு 'முடிவு பிட்'. 'நிறுத்து' என்பது மோட்டாரை நிறுத்தும் பொத்தானில் இருக்கிறது, அதை இங்கே கொண்டுவரக் கூடாது. இழுப்பது பேரிட்டிதான், அதாவது பைட்டிலுள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றையாகவோ இரட்டையாகவோ அமையும்படி கூடுதலாகச் சேர்க்கும் சோதனை பிட். 'சமநிலை: ஒற்றை' என்று திரையில் வந்தால் ஆபரேட்டருக்கு என்ன புரியும்? 'இணை' பேரலலுக்குப் போய்விட்டது. ஒற்றைப்படை, இரட்டைப்படையிலிருந்து 'படைச்சரி' என்று எடுக்கலாமா?

மறுமொழி:

'படை' நல்ல வேர், வைத்துக்கொள்ளுங்கள். 'சரி' வேண்டாம் ஐயா. பிழையைத் திருத்திவிடும் என்று எண்ண வைக்கும். பேரிட்டி ஒரு பிட் புரண்டால் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. இரண்டு பிட் புரண்டால் அதுவும் தெரியாது. அதைப் பிடிப்பது ஃப்ரேம் (ஒரு முழுச் செய்தி) கடைசியில் வரும் சி.ஆர்.சி. என்ற சோதனை எண். எனவே 'படைச்சோதனை'. தேர்வுகள்: இல்லை, இரட்டை, ஒற்றை.

மறுமொழி, சேலத்திலிருந்து:

'படைச்சோதனை'க்கு என் ஓட்டு. ஆனால் பக்கத்திலேயே 8-ஈ-1, 8-என்-1 என்ற குறியும் இருக்கட்டும் (8 டேட்டா பிட்; ஈ என்றால் இரட்டை, என் என்றால் இல்லை; 1 முடிவு பிட்). கண்ட்ரோலர் மேனுவலில் அப்படித்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.

படைச்சோதனையைத் திரையில் 'இரட்டை', கண்ட்ரோலரில் 'இல்லை' என்று வைத்தால் நடப்பதைப் பாருங்கள். செய்தியின் முதல் பைட்டான கண்ட்ரோலர் முகவரி 01-இல் பைனரியில் ஒரு 1 இருப்பதால் சோதனை பிட் 1 ஆகிறது. கண்ட்ரோலர் அதை முடிவு பிட் என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிடும். அடுத்த பைட் 03, ரிஜிஸ்டரைப் படிக்கச் சொல்லும் கட்டளை. அதில் இரண்டு 1, சோதனை பிட் 0. முடிவு பிட் எப்போதும் 1 ஆக இருக்க வேண்டும் என்பதால் அங்கேயே ஃப்ரேம் அடிபடும். கண்ட்ரோலர் பதிலே தராது. திரையில் டைம் அவுட் மட்டும் வரும்.

ஏ, பி வயர் மாறினாலும் அதே டைம் அவுட்தான். அதனால் உதவிப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: மூன்றில் ஒன்று மட்டும் பேசவில்லை என்றால் அந்தக் கண்ட்ரோலரின் முகவரி, வேகம், படைச்சோதனை, அதற்குப் போகும் வயர். மூன்றுமே பேசவில்லை என்றால் முதலில் திரையின் செட்டிங், பிறகு திரைப் பக்கத்து ஏ, பி. 120 ஓம் ரெசிஸ்டர், லைனின் இரு முனைகளில் மட்டும். நடுவில் போடக் கூடாது. படைச்சோதனை 'இல்லை' என்றால் மோட்பஸ் விதிப்படி முடிவு பிட் 2, ஆனால் 8-என்-1 மட்டுமே தெரிந்த கருவிகள் ஏராளம், ஆகவே 1, 2 இரண்டும் தேர்வில் இருக்கட்டும். சில கண்ட்ரோலர்கள் சப்ளையை ஒருமுறை ஆஃப் செய்து போட்டால்தான் புது செட்டிங்கை எடுக்கும். 'சேமி' பொத்தானுக்குக் கீழேயே அந்த வரி வேண்டும்.