லோ ஆங்கிளில் எடுத்தும் அப்பாவைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை, ஏன்?

கேள்வி | கூடத்துவெளிச்சம்
12 நிமிடக் குறும்படம் ஒன்று எடிட்டில் இருக்கிறது. கூடத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கும் சண்டைதான் படத்தின் உயிர். அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், அவர் நின்றுகொண்டு கத்துகிறார். அவரை முழுக்க லோ ஆங்கிளிலும் (கீழிருந்து அண்ணாந்து) அவளை ஹை ஆங்கிளிலும் (மேலிருந்து குனிந்து) எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் ஷாட் அழகு என்கிறார்கள், ஆனால் யாருக்கும் மனசு பதறவில்லை. மறுபடி எடுக்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். என்ன செய்யலாம்?

பதில் 1 | பழையரீல்
முதல் நொடியிலேயே உச்சத்துக்குப் போய்விட்டீர்கள், அப்புறம் ஏற இடமில்லை. இயக்குநர் சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) பாருங்கள். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறை, பன்னிரண்டு ஜூரிகள். முதல் மூன்றில் ஒரு பங்கைக் கண்மட்டத்துக்கு மேலிருந்தும், அடுத்ததைக் கண்மட்டத்திலும், கடைசிப் பங்கைக் கீழிருந்தும் எடுத்தார். லென்ஸின் குவியத் தூரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக நீளமாக்கிக்கொண்டே போனார், அது பின்னணியை அருகே இழுத்துக் காட்டும். சுவர் நெருங்கி வரும், கடைசியில் சீலிங்கும் தலைமேல் தெரிய ஆரம்பிக்கும், நமக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்றே புரியாது. முடிவில் வெளியே வந்ததும் பரந்து காட்டும் வைட் லென்ஸ், அப்பாடா என்று இருக்கும். மாற்றம்தான் வேலை செய்கிறது.

பதில் 2 | பாய்மட்டம்
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். லோ ஆங்கிள் என்றால் அதிகாரம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) கேமரா தரையில் உட்கார்ந்திருப்பவர் மட்டத்துக்கும் கீழேதான் இருக்கும், ஆனால் யாரும் யாரையும் மிரட்டுவதாகத் தோன்றாது, அந்த வீட்டுக்குள் நாமும் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். கேமராவின் உயரம் வேறு, அதை அண்ணாந்து பார்க்க வைப்பது வேறு.

உங்கள் காட்சியில் நாம் யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே தெரியவில்லை என்று நினைக்கிறேன். மகளை மேலிருந்து எடுத்தால் நாமும் அப்பாவோடு நின்று அவளைக் குனிந்து பார்க்கிறோம், அப்புறம் எப்படி அவளுக்காகப் பதறும்? கேமராவை அவள் கண்மட்டத்துக்கு, அவள் தோளுக்குப் பக்கத்தில் இறக்குங்கள். அங்கிருந்து பார்த்தால் அப்பா தானாகவே உயரமாகத் தெரிவார்.

கூடத்துவெளிச்சம்
இது எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி. சரி, முதல் பாதியை இரண்டு பேருக்கும் கண்மட்டத்தில் எடுத்துவிட்டு, அவர் குரல் உயரும்போது அவள் தோளுக்குப் பின்னால் போகிறேன். ஏற்கெனவே எடுத்ததில் கீரை ஆயும் விரல் அப்படியே நின்றுபோகிற ஒரு க்ளோஸ்-அப் இருக்கிறது, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பழையரீல்
அதை விட்டுவிடாதீர்கள்! அப்பா அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தைக் காட்டவே வேண்டாம், விரலிலேயே நில்லுங்கள்.