5 சிக்மா, 0.08, 0.47: மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

மணல்கடிகாரம்:

இயற்பியல், மருத்துவம், கல்வி மூன்றின் ஆய்வு முடிவுகளையும் ஒரே அட்டவணையில் கொண்டுவர முயல்கிறேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது, பொருள்தான் இடிக்கிறது.

ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகள் 2012 ஜூலை 4 அன்று 5 சிக்மாவோடு (சிக்மா என்பது முடிவு வெறும் தற்செயலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதன் அளவு) அறிவிக்கப்பட்டது. 2020இல் பிரிட்டனின் ரிகவரி ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் பெற்ற கோவிட் நோயாளிகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 22.9%, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 25.7%. ஆட்ஸ் விகிதம் (இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் உள்ள விகிதத்தை இரு குழுக்களிடையே ஒப்பிடுவது) 0.86. அதன் இயல் மடக்கையை 1.81ஆல் வகுத்தால் (குறியை விட்டுவிடுகிறேன்) கோஹன் டி, அதாவது வித்தியாசத்தைத் திட்ட விலக்க அலகில் சொல்லும் அளவு, 0.08 வருகிறது. கோஹனின் வழக்கமான அளவுகோலில் 0.2 என்றாலே "சிறியது"தான். இது அதிலும் பாதிகூட இல்லை. கல்வியில், 2014இல் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, விரிவுரை மட்டும் நடக்கும் வகுப்பைவிட மாணவர்கள் பங்கேற்கும் வகுப்பில் தேர்வு மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) கூடுதல்.

அப்படியானால் உயிர் காத்த மருந்தைவிட வகுப்பறை உத்தி ஆறு மடங்கு வலியதா? எங்கே தவறுகிறேன்? மருத்துவத்துக்கு பி மதிப்பு (வெறும் தற்செயலாலேயே இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) 0.05 போதுமென்றால் இயற்பியலார் ஏன் 5 சிக்மா கேட்கிறார்கள்?

மியூவான்:

சிக்மாவை முதலில் தனியே எடுத்து வையுங்கள். டி சொல்வது வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை. சிக்மா சொல்வது, வெறும் தற்செயல் மட்டுமே என்றால் அப்படி ஒரு வித்தியாசம் தெரிய எவ்வளவு குறைந்த வாய்ப்பு என்பதை. தரவை 4 மடங்காக்கினால் சிக்மா 2 மடங்காகும், டி அப்படியே நிற்கும். நீங்கள் சொன்ன ஃப்ரீமன் கட்டுரையிலேயே அந்த 0.47க்கான இசட் மதிப்பு (சிக்மாவின் அதே அளவு) 9.78. ஹிக்ஸ் அறிவிப்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதற்காக அதை ஹிக்ஸைவிட உறுதியான முடிவு என்று யாரும் சொல்வதில்லை. காரணம், இசட் மதிப்புக்குத் தெரிந்தது புள்ளியியல் ஏற்ற இறக்கம் மட்டும்தான்.

5 சிக்மா என்பது ஒருபக்க வாலில் ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்று. இவ்வளவு கடுமை எதற்கு? துகள் மோதலில் ஒரே ஒரு இடத்தை யாரும் பார்ப்பதில்லை. நூற்றுக்கணக்கான வரைபடங்களில் ஆயிரக்கணக்கான கட்டங்களைப் பார்க்கிறார்கள். எங்காவது ஒரு மேடு தெரிந்தே தீரும். 2015 டிசம்பரில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே இரட்டை ஃபோட்டான்களில் ஒரு மேடு தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் பார்த்தால் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள அட்லஸ் கருவியில் 3.6 சிக்மா. தேடிய எல்லா இடங்களையும் கணக்கில் சேர்த்ததும் 2 அளவுக்கு இறங்கிவிட்டது. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தபோது மேடே இல்லை. அதற்குள் விளக்கக் கோட்பாட்டுக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டிருந்தன என்பது தனிக் கூத்து.

ஆனால் முறைசார் பிழையிடம், அதாவது அளக்கும் முறையிலேயே ஒளிந்திருக்கும் பிழையிடம், 5 சிக்மாவின் பாச்சா பலிக்காது. 2011இல் ஓப்பரா குழு, செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் பயணித்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முந்தி வந்ததாக அறிவித்தது. 6 சிக்மா. கடைசியில் முக்கியக் காரணமாகத் தெரிய வந்தது, சரியாகச் செருகப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு. இன்னொன்று: 2022இல் சிடிஎஃப் குழு அளந்த டபிள்யூ போசான் நிறை 80,433.5 ± 9.4 மெகா எலக்ட்ரான் வோல்ட், திட்ட மாதிரி என்ற துகள் இயற்பியலின் அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து 7 சிக்மா விலகல். 2024இல் செர்னின் சிஎம்எஸ் குழு அதே அளவு துல்லியத்தோடு 80,360.2 ± 9.9 என்றது; மாதிரியோடு ஒத்துப்போகிறது. இரண்டில் ஒன்றிலாவது யாரும் கண்டுபிடிக்காத பிழை இருக்க வேண்டும், அதை எந்தச் சிக்மாவும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதனால்தான் கண்கட்டிப் பகுப்பாய்வு, அதாவது கடைசி வரை விடை தெரியாமலேயே கணக்கிடுவது. அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில், மியூவான் என்ற துகளின் காந்தத் தன்மையை அளந்த ஜி-2 சோதனையில் கடிகாரத்தின் சரியான அதிர்வெண் குழுவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். பகுப்பாய்வு முடிந்து பூட்டிய பிறகே உறை திறக்கப்பட்டது. ஹிக்ஸை நம்ப வைத்ததும் 5 என்ற எண் மட்டுமல்ல. அட்லஸ், சிஎம்எஸ் என்று இரண்டு தனித்தனிக் கருவிகள் ஒரே நிறையில், 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே, அதைப் பார்த்தன.

நாடி:

மருத்துவப் பகுதிக்கு வருகிறேன். உங்கள் 0.08 சரியான கணக்கு, தவறான அலகு. இறப்பு "ஆம், இல்லை" வகை முடிவு. அதை டி ஆக மாற்றும் சூத்திரம், அடியில் ஒரு தொடர் அளவு இருப்பதாகவும் அது லாஜிஸ்டிக் பரவலில் அமைந்திருப்பதாகவும் வைத்துக்கொள்கிறது. பல ஆய்வுகளைத் தொகுக்கும் மெட்டா பகுப்பாய்வில் வெவ்வேறு வகை முடிவுகளை ஒன்று சேர்க்க அது உதவும். பயனின் பெருமையைச் சொல்ல உதவாது.

சதவிகிதப் புள்ளிகளிலேயே நில்லுங்கள். 25.7 − 22.9 = 2.8. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் 28 இறப்புகள் குறைவு. ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள், பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மலிவான மருந்து. அதை "மிகச் சிறிய விளைவு" என்று அட்டவணையில் போட்டால் படிப்பவர் சிரிப்பார்.

அந்த 2.8கூட ஒரு சராசரிதான், உள்ளே பிரித்துப் பாருங்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் 41.4 → 29.3. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2 → 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் 14.0 → 17.8, அதாவது எதிர்த்திசை. அங்கே இறப்பு ஒப்பீட்டின் நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) "வித்தியாசமே இல்லை" என்பதைக் குறிக்கும் 1ஐக் கடக்கிறது, எனவே தீங்கு நிரூபணமாகவில்லை, பயனும் இல்லை. மொத்தச் சராசரியை மட்டும் எடுத்தால், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற முக்கியச் செய்தியே தொலைந்துவிடும்.

அதே சமயம் எல்லா உட்பிரிவையும் நம்பிவிடாதீர்கள். 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஆஸ்பிரின் தெளிவாக உயிர் காத்தது. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ராசிவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள்: மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் பயனில்லை! மியூவான் சொன்ன 750இன் மேடும் இதுவும் ஒரே வியாதி. ரிகவரியில் வேறுபாடு என்னவென்றால், சுவாச உதவி நிலை முன்கூட்டியே திட்டமிட்ட பிரிவு. நோய் கடுமையாகக் கடுமையாகப் பயனும் படிப்படியாக ஏறுகிறது. அழற்சியை அடக்கும் மருந்து என்பதால் உயிரியல் காரணமும் பொருந்துகிறது.

0.05 போதுமா என்றால், தனியாகப் போதாது. ஒரு துறையில் சோதிக்கும் 1,000 கருதுகோள்களில் 100தான் உண்மை, ஆய்வின் திறன் (உண்மையான விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு) 80% என்று வையுங்கள். 80 உண்மைகள் பிடிபடும். மீதி 900இல் 5%, அதாவது 45 பொய்கள் "குறிப்பிடத்தக்கது" என்று வெளிவரும். வெளிவந்த 125இல் 36% பொய். திறன் 20% ஆகச் சரிந்தால் 20 உண்மைக்கு 45 பொய். ஆள் எண்ணிக்கை குறைந்த ஆய்வுகளின் நிலை இதுதான்.

மருத்துவம் இதைப் பூட்டுவது சிக்மாவால் அல்ல: சீரற்ற ஒதுக்கீடு (யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல்போல் முடிவு செய்வது), ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்வது, ஒரே ஒரு முதன்மை முடிவு. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் நிதி தந்த பெரிய சோதனைகளை 2015இல் திரும்பிப் பார்த்தார்கள். 2000க்கு முன் வெளியான 30இல் 17 பயன் காட்டின. அதன் பின் வந்த 25இல் 2 மட்டும். இடையில் வந்த பெரிய மாற்றம், முதன்மை முடிவை முன்கூட்டியே பதிவு செய்யும் கட்டாயம்.

கரும்பலகை:

0.47 பற்றி. கல்வி ஆய்வில் டி ஒரு ரப்பர் அளவுகோல். வகுத்தல் எண் மாணவர்களின் சிதறல். 5 மதிப்பெண் உயர்வு, திட்ட விலக்கம் 20 உள்ள கலவையான வகுப்பில் 0.25. வடிகட்டிச் சேர்த்த வகுப்பில் திட்ட விலக்கம் 10 என்றால் அதே உயர்வு 0.5. எனவே முதலில் பார்க்க வேண்டியது எந்தத் திட்ட விலக்கத்தால் வகுத்தார்கள் என்பதை.

அடுத்து, தேர்வைத் தயாரித்தது யார்? ஆய்வாளரே தயாரித்த தேர்வில் வரும் விளைவு, வெளித் தேர்வில் வருவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று 2016இல் சியுங்கும் ஸ்லாவினும் காட்டினார்கள். சிறிய ஆய்வுகளிலும் இதே வீக்கம்.

மூன்றாவதுதான் அதிகம் தப்பிவிடுவது. ஒதுக்கியது வகுப்பை, எண்ணியது மாணவரை. வகுப்புக்கு 40 பேர், 10 வகுப்பு, மொத்தம் 400. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதை அளக்கும் எண் 0.2 என்றால், பெருக்கம் 1 + 39 × 0.2 = 8.8. 400ஐ இதனால் வகுத்தால், உங்கள் 400 பேர் உண்மையில் 45 பேருக்குச் சமம். 0.2 அளவு விளைவை 80% திறனோடு பிடிக்கக் குழுவுக்கு 390க்கு மேல் தேவை, அதுவும் தனித்தனி ஆட்களாக. 400 என்று எழுதிக் கணக்கிட்ட பி மதிப்பைக் குப்பையில் போடலாம்.

இவற்றையெல்லாம் அடைத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பிரிட்டன், அமெரிக்க அமைப்புகள் நடத்திய 141 பெரிய சீரற்ற சோதனைகளை 2019இல் தொகுத்தபோது சராசரி விளைவு 0.06. இதையொட்டி 2020இல் கிராஃப்ட் தந்த அளவுகோல்: 0.05க்குக் கீழ் சிறியது, 0.20க்கு மேல் பெரியது. கோஹனின் 0.2, 0.5, 0.8 இங்கே செல்லாது.

இயற்பியல் கற்பித்தல் கட்டுரைகளை எடுத்தால் டிக்குப் பதில் ஹேக்கின் இயல்பாக்கிய ஆதாயம் (இன்னும் ஏற இடமிருந்ததில் எவ்வளவு பங்கு ஏறியது) வரும். முன்தேர்வு 30%, பின்தேர்வு 65% என்றால் 35 ÷ 70 = 0.5. ஹேக் 1998இல் 62 பாடவகுப்புகளைத் தொகுத்தபோது ஊடாடும் வகுப்புகளில் 0.48, மரபான வகுப்புகளில் 0.23. இதை வகுப்புச் சராசரியிலிருந்து கணக்கிட வேண்டும். மாணவர்வாரியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், 90இலிருந்து 80க்கு இறங்கிய ஒரே ஒருவர் −1.0 வாங்கி, 0.5 வாங்கிய இருவரைத் துடைத்துவிடுவார். முன்தேர்வு எழுதிவிட்டுப் பாதியில் விலகியவர்களை இரு பக்கமும் நீக்கினார்களா என்றும் பாருங்கள்; பின்தங்கியவர்கள் விலகினாலே ஆதாயம் தானாக ஏறும்.

மாணவர் கருத்துக் கணிப்பை மட்டும் முடிவாகக் காட்டும் கட்டுரையை அட்டவணையில் சேர்க்க வேண்டாம். 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் டெலோரியர் குழு செய்த சோதனையில், பங்கேற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள்.

மணல்கடிகாரம்:

நன்றி. டியை விட்டுவிட்டுச் சதவிகிதப் புள்ளிக்கு வந்தேன். ஃப்ரீமனில் தோல்வி விகிதம் 33.8 → 21.8, வித்தியாசம் 12. ரிகவரியில் செயற்கைச் சுவாசப் பிரிவில் 12.1. இரண்டுக்கும் "8 பேரில் ஒருவர்" என்று வருகிறது! ஒரே வரிசையில் போடலாமா?

நாடி:

போடலாம், பக்கத்தில் எதில் ஒருவர் என்று எழுதினால். ஒன்றில் 28 நாளில் ஓர் இறப்பு தவிர்ந்தது. மற்றதில் ஒரு பருவத்தில் ஒரு பாடத் தோல்வி தவிர்ந்தது. "சீரற்ற ஒதுக்கீடு யாருக்கு" என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசையும் வையுங்கள்: ரிகவரியில் ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியே ஒதுக்கப்பட்டார்; ஃப்ரீமன் தொகுத்தவற்றில் பல, ஏற்கெனவே அமைந்த வகுப்புகளின் ஒப்பீடு.

கரும்பலகை:

அந்த 12 சராசரிகளின் வித்தியாசம், 67 ஆய்வுகளிலிருந்து. 0.47 வந்தது வேறு 158இலிருந்து. இரண்டையும் ஒரே ஆய்வின் முடிவுபோல ஒரே கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். சுவையான விஷயம், மருந்துச் சோதனையாக இருந்திருந்தால் பயன் தெளிவு என்று இடையிலேயே நிறுத்தியிருக்கலாம் என்று ஃப்ரீமன் குழுவே எழுதியிருக்கிறது. உங்களுக்கு முன்பே இந்தத் தராசைத் தூக்கியவர்கள் அவர்கள்.

மியூவான்:

ஹிக்ஸ் வரிசையில் "8 பேரில் ஒருவர்" என்று வரும் நெடுவரிசையில் கோடு போட்டுவிடுங்கள். அங்கே "எத்தனை பேரில் ஒருவர்" கிடையாது. அளந்த நிறை, அதன் பிழை எல்லை, தனித்தனிக் கருவிகள் எத்தனை என்ற மூன்றும் போதும்.